பொரித்த எண்ணெயில் ஓடிய வண்டிகள்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஆம் தேதியை உலக உயிரி எரிபொருள் நாளாக இந்தியாவில் கொண்டாடுகிறோம். 1893-ஆம் ஆண்டு இதே நாளில் ருடால்ஃப் டீசல் கடலை எண்ணெயை ஊற்றித் தம் இன்ஜினை ஓட்டிக் காட்டினார் என்பது அன்றைக்கு மேடைகளில் சொல்லப்படும் கதை. நடந்தது வேறு. அந்த ஆகஸ்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஆலையில் டீசலின் முதல் மாதிரி இன்ஜினுக்குள் முதன்முறையாக எரிபொருள் பற்றிக்கொண்டது. அழுத்தத்தை அளக்கப் பொருத்தியிருந்த கருவி வெடித்துச் சிதறியது. அந்த இன்ஜின் சொந்த பலத்தில் ஒரு நிமிடம் சுற்றுவதற்கே 1894 பிப்ரவரி வரவேண்டியிருந்தது. கடலை எண்ணெய் வந்தது 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில். அங்கே அதை ஊற்றி ஓட்டியது டீசல் அல்ல, பிரான்சின் ஓட்டோ நிறுவனம். ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள இயந்திரங்களை ஓட்ட முடியுமா என்று பார்க்க விரும்பிய பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் நடந்த சோதனை அது. இதை 1912-ல் டீசலே எழுதி வைத்திருக்கிறார். பெட்ரோலிய எண்ணெய்க்கென்று செய்த இன்ஜின் எந்த மாற்றமும் இல்லாமல் கடலை எண்ணெயில் ஓடியதாம். எண்ணெய் மாறிய விஷயம் சிலருக்குத்தான் தெரிந்ததாம்.

தாவர எண்ணெயை இன்ஜினில் எரிக்கும் முயற்சியின் நூற்றிருபது ஆண்டுக் கதையிலும் இந்தக் கடைசிச் செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஊற்றினோம், ஓடியது, வித்தியாசமே தெரியவில்லை. பிரான்சின் கண்காட்சியிலிருந்து அமெரிக்காவின் வீட்டு கராஜ் வரைக்கும் இதே வாக்கியத்தைச் சாட்சியாக வைத்தார்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து வீட்டிலேயே பயோடீசல் காய்ச்சியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் படுவது ஒன்றுதான்: வண்டி ஓடியது என்பதும் மைலேஜ் குறையவில்லை என்பதும் எரிபொருள் நன்றாக இருந்தது என்பதற்குச் சான்று ஆகாது. தரத்தைச் சொன்னது சோதனைக் குப்பி மட்டுமே. அதைக் கையில் எடுத்தவர்கள் வெற்றி பெற்றார்கள், வீட்டில் காய்ச்சினாலும் சரி, ஆலையில் காய்ச்சினாலும் சரி. எடுக்காதவர்கள் இரண்டு இடத்திலும் தோற்றார்கள்.

முதலில் பச்சை எண்ணெயின் சிக்கலைப் பார்த்துவிடலாம். டீசலோடு ஒப்பிட்டால் சமையல் எண்ணெய் பத்து மடங்குக்கும் மேல் கெட்டி. இன்ஜெக்டரின் நுண்துளை வழியே அது பனிபோலத் தூவப்படாமல் தாரையாகப் பாயும், முழுக்க எரியாது, நாசில் முனையிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாகப் படியும். இது உடனே தெரிவதில்லை, பல நூறு மணி நேரம் ஓடிய பிறகுதான் தெரியும். பாரிஸ் கண்காட்சியில் தெரியாமல் போனதில் வியப்பில்லை. கெட்டியைக் குறைக்கும் வழியைக் கண்டவர் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜி. சவான். 1937-ல் பெல்ஜியத்தில் அவர் பெற்ற காப்புரிமைதான் இன்றைய பயோடீசலின் பிறப்புச் சான்றிதழ். எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் தண்டில் மூன்று கொழுப்பு அமிலக் கிளைகள். ஆல்கஹாலையும் ஒரு வினையூக்கியையும் சேர்த்தால் கிளைகள் தண்டிலிருந்து கழன்று ஆல்கஹாலோடு ஒட்டிக்கொள்ளும். கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பது எஸ்டர், ஏறத்தாழ டீசல் அளவுக்கு நீர்த்தது. காங்கோவின் பனை எண்ணெயிலிருந்து இப்படிச் செய்த எஸ்டரில் 1938-ல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்து முடிந்தது, மலிவான பெட்ரோலியம் வந்தது, எல்லாரும் மறந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடைக்குப் பயந்த தென்னாப்பிரிக்கா சூரியகாந்தி எண்ணெயை வைத்துக்கொண்டு இதையே மறுபடி கண்டுபிடித்தது. பச்சை எண்ணெயில் கரி படிந்த இன்ஜெக்டர், எஸ்டரில் சுத்தமாக இருந்தது.

பொரித்த எண்ணெய் இந்தக் கதைக்குள் முறையாக நுழைந்தது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் மிட்டல்பாக்கும் அவருடன் உழைத்தவர்களும், பொரித்து மிஞ்சிய எண்ணெயின் மெத்தில் எஸ்டரை இன்ஜினில் ஓட்டி, புகையை அளந்து, 1988-லேயே முடிவுகளை வெளியிட்டுவிட்டார்கள். 1991-ல் ஆஸ்திரியா ராப்சீட் எஸ்டருக்கு உலகத்தின் முதல் தர விதியை எழுதியது. அதற்கும் பிறகுதான், 1994-ல், உணவகங்களில் திரட்டிய எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலோடு கிராஸ் நகரப் பேருந்துகள் இரண்டு தெருவுக்கு வந்தன. பின்னாளில் நகரத்தின் பேருந்துகள் எல்லாமே அதற்கு மாறின. வரிசையைக் கவனியுங்கள். முதலில் அளவை, அடுத்து விதி, கடைசியில் வண்டி.

அமெரிக்காவில் வரிசை தலைகீழ். அங்கேயும் ஆய்வு நடக்காமல் இல்லை. ஐடஹோ பல்கலைக்கழகத்தார் 1990-களில் உருளைக்கிழங்கு வறுவல் ஆலையின் கழிவு எண்ணெயை எஸ்டராக்கி லாரி ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஆனால் மக்களிடம் இதைக் கொண்டு சேர்த்தது ஆய்வுக்கூடம் அல்ல, ஒரு வேன். 1997-ல் ஜோஷுவா டிக்கெல் என்ற இளைஞர், விரைவு உணவுக் கடைகளின் பின்வாசலில் எண்ணெய் வாங்கி, வேனுக்குப் பின்னால் இழுத்துச் சென்ற சிறு தொட்டியில் பயோடீசலாக்கி நாட்டைச் சுற்றினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய புத்தகம் பலரையும் கராஜுக்குள் இறக்கியது. மரியா அலோவர்ட் என்ற பெண்மணி பழைய மின்சார வெந்நீர்த் தொட்டியைப் பயோடீசல் காய்ச்சும் கலனாக மாற்றும் வடிவம் ஒன்றைப் பரப்பினார். ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தார். மலிவும் எளிமையும் கூடவே மூடிய தொட்டி என்பதால் மெத்தனால் ஆவி வெளியே வராத பாதுகாப்பும் அதில் இருந்தன. 1980-களின் மெர்சிடஸ் 300டி, வோக்ஸ்வாகன் ராபிட் போன்ற பழைய டீசல் கார்கள் மலிவாகக் கிடைத்தன. எண்ணெயைக் கொண்டுபோக ஆள் கிடைக்காமல், காசு கொடுத்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்த உணவக முதலாளிகள் மகிழ்ச்சியோடு கேனை நீட்டினார்கள். தூய பயோடீசலுக்கு ஏஎஸ்டிஎம் டி 6751 என்ற அமெரிக்கத் தர விதி ஒப்புதல் பெற்றது 2001 டிசம்பரில்தான். அதாவது விதிக்கு நான்கு ஆண்டு முன்பே வேன் கிளம்பிவிட்டது.

அந்தக் கராஜ்களில் நடந்ததைச் சற்று அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தரம் பிழைப்பதும் சாவதும் அங்கேதான். புது எண்ணெயாக இருந்தால் கணக்கு எளிது: ஒரு லிட்டருக்கு 200 மில்லி மெத்தனால், மூன்றரை கிராம் காஸ்டிக் சோடா, 55 டிகிரி சூடு. பொரித்த எண்ணெய் அப்படியல்ல. உருளைக்கிழங்கின் ஈரமும் சட்டியின் சூடும் சேர்ந்து எண்ணெயை உடைத்து அமிலத்தை விட்டுவைத்திருக்கும். அந்த அமிலம் முதலில் காஸ்டிக் சோடாவைத் தின்று சோப்பாகும். மிச்சம்தான் வினையை நடத்தும். எனவே கேனுக்குக் கேன் அமிலத்தை அளந்தாக வேண்டும். ஒரு மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் காஸ்டிக் கரைத்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவார்கள். இரண்டரை மில்லி செலவானால் லிட்டருக்கு இரண்டரை கிராம் காஸ்டிக் கூடுதலாக, ஆக ஆறு கிராம். நிறம் காட்டுவதற்கு ஆய்வுக்கூடத்தின் ஃபீனால்ஃப்தலீன் கிடைக்காதவர்கள் மஞ்சள்தூளைப் பயன்படுத்தினார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த வேதியியல். அதே சிவப்பைத்தான் அந்த அமெரிக்கக் கராஜ்களில் கண்ணாடிக் குவளையில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அளவு பிசகினால் என்ன ஆகும்? காஸ்டிக் கூடினால் தொட்டி முழுவதும் கூழாக உறையும். அது கண்ணுக்குத் தெரியும் தோல்வி, எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். காஸ்டிக்கோ மெத்தனாலோ குறைந்தால் அடியில் கிளிசரின் வழக்கம்போலப் பிரியும், மேலே தேன்நிறத்தில் தெளிவாகத் திரவம் நிற்கும், பார்க்க அசல் பயோடீசல் மாதிரியே இருக்கும். உள்ளே பத்தில் ஒரு பங்கு எண்ணெய் எண்ணெயாகவே கிடக்கும். தொடக்க காலக் கையேடுகள் நிறத்தையும் தெளிவையும் நம்பச் சொன்னவை. தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வெண்ணெய்போல் திரையாமல் சட்டென்று இரண்டாகப் பிரிந்தால் நல்லது என்றவை. அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பெரிய முன்னேற்றம் இன்னும் எளிய ஒரு சோதனையில் வந்தது. கண்ணாடிக் குழாயில் 27 மில்லி மெத்தனால் எடுத்து அதில் 3 மில்லி எரிபொருளை விட்டுக் குலுக்கிப் பத்து நிமிடம் வைப்பது. எஸ்டர் மெத்தனாலில் முழுதும் கரையும். மாறாத எண்ணெய் கரையாது. நன்றாக முடிந்த காய்ச்சல் என்றால் குழாய் பளிங்குபோல் இருக்கும். முடியாத காய்ச்சல் என்றால் அடி வளைவில் கடுகளவு ஒரு மஞ்சள் முத்து உட்கார்ந்திருக்கும். ஆயிரம் மைல் ஓட்டியும் தெரியாத குற்றத்தைப் பத்து நிமிடத்தில் அந்த முத்து சொல்லிவிடும்.

இனி மைலேஜுக்கு வருவோம், ஏனென்றால் வீட்டு பயோடீசல்காரர்கள் சொன்ன பெருமைகளில் பாதி அதைப் பற்றியது. எஸ்டர் மூலக்கூறில் எடைக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆக்சிஜன். ஆக்சிஜன் எரிக்க உதவும், தான் எரிந்து சூடு தராது. ஆகவே ஒரு கிலோ பயோடீசலில் டீசலைவிட ஏறத்தாழ 12 சதவீதம் ஆற்றல் குறைவு. ஆனால் பயோடீசல் சற்றுக் கனமானது. லிட்டர் கணக்கில் பார்த்தால் குறைவு 7, 8 சதவீதத்தில் நிற்கிறது. இன்ஜினின் திறன் இரண்டு எரிபொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகையால் டீசலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தந்த கார், தூய பயோடீசலில் பதினாறரை தரும். ஐந்தில் ஒரு பங்கு கலந்து ஊற்றினால் 17.7. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதுவரை வந்த இன்ஜின் சோதனைகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையும் இந்த 20 சதவீதக் கலவைக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதக் குறைவையே சொல்கிறது. அதே அறிக்கை தூய பயோடீசலில் கரித்துகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் பத்து சதவீதம் கூடுவதையும் சேர்த்தே சொன்னது. முதல் செய்தியை மேற்கோள் காட்டியவர்கள் பலர், இரண்டாவதைக் காட்டியவர்கள் சிலர்.

"எங்கள் வண்டியில் குறையவே இல்லை, கூடக்கூடச் செய்தது" என்றவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பயோடீசலின் வழவழப்பு டீசலைவிட அதிகம். 2006-ல் அமெரிக்கா டீசலிலிருந்த கந்தகத்தை மிகக் கீழே இறக்கியபோது போன வழவழப்பை, இரண்டு சதவீதம் பயோடீசல் கலந்தாலே மீட்டுவிட முடிந்தது. எரிபொருள் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணும் பயோடீசலுக்கு உயர்வு. பொரித்த எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு கூடுதலாக இருப்பதால் இன்னும் உயர்வு. இன்ஜின் அமைதியாக ஓடும், தட்டும் ஓசை குறையும், ஓட்டுபவருக்குச் சுகமாக இருக்கும். சுகமாக ஓடும் வண்டி நன்றாக ஓடுவதாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு டேங்கை நிரப்பி அடுத்த முறை நிரப்பும்வரை ஓடிய தூரத்தை வகுத்துப் பார்ப்பது மிகவும் முரட்டு அளவை. பம்ப் எங்கே நின்றது, டயரில் காற்று எவ்வளவு, எதிர்க்காற்றா, நகரமா, நெடுஞ்சாலையா, குளிரா என்பவை ஒவ்வொன்றும் சில சதவீதம் மாற்றும். புது எரிபொருளை ஊற்றியவர் பெடலை மிதிக்கும் விதமும் மாறும். தன் கையால் காய்ச்சியதை யாரும் வீணாக மிதிப்பதில்லை. 20 சதவீதக் கலவையின் ஒன்றரை சதவீதக் குறைவை இப்படி ஒருநாளும் பிடிக்க முடியாது. தூய பயோடீசலின் எட்டு சதவீதத்தைப் பிடிக்கவே பத்துப் பன்னிரண்டு டேங்க் கணக்கைப் பொறுமையாக எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதி வைத்த கணக்குகளில் குறைவு தெரிந்தது.

இதைவிட முக்கியமானது வேறு. மைலேஜ் குறைந்தால் தரம் குறைவு, குறையாவிட்டால் தரம் நன்று என்று ஒரு நம்பிக்கை அந்த வட்டாரங்களில் ஊறிப்போயிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அடியோடு தவறு. மாறாத சமையல் எண்ணெயின் ஆற்றல் லிட்டருக்கு 34 மெகாஜூலை ஒட்டி இருக்கும். நன்றாக மாறிய எஸ்டரின் ஆற்றல் 33. அதாவது காய்ச்சல் அரைகுறையாக முடிந்த எரிபொருளில், முழுமையாக முடிந்ததைவிட லிட்டருக்கு ஆற்றல் இம்மி கூடுதல்! பத்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் கிடந்தாலும் மைலேஜ் அசையாது, அசைந்தால் மேலேதான் அசையும். கழுவாமல் விட்ட மெத்தனால் ஒரு சதவீதம் இருந்தால் அரை சதவீத ஆற்றல் குறையும்; அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்த மெத்தனால் எரிபொருள் பற்றிக்கொள்ளும் சூட்டை 130 டிகிரிக்கு மேலிருந்து அபாயமான அளவுக்குக் கீழே இழுத்துவிடும். சோப்பாக நின்ற சோடியம் ஒரு கிலோவில் சில மில்லிகிராம் இருந்தால் போதும், சாம்பலாகி இன்ஜினுக்குள் படியும். இன்ஜினைக் கெடுக்கும் குற்றங்கள் எவையுமே மைலேஜில் முகம் காட்டுவதில்லை. மைலேஜில் முகம் காட்டும் ஒரே குறைவோ, மிகச் சிறந்த பயோடீசலிலும் இருக்கிற, குற்றமே அல்லாத அந்த எட்டு சதவீதம்தான். மைலேஜை வைத்துத் தரத்தைக் கணித்தவர் நல்ல எரிபொருளைச் சந்தேகித்திருப்பார், கெட்டதைக் கொண்டாடியிருப்பார்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் வீட்டில் காய்ச்சுவதே தவறு, ஆலைகளுக்கு விட்டுவிட வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்கலாம். இன்ஜின் உற்பத்தியாளர்கள் அதைத்தான் சொன்னார்கள். வரலாறு அதற்கும் இடம் தரவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், விற்கும் டீசலிலெல்லாம் இரண்டு சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்ற சட்டம் 2005 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்றே மாதத்தில், டிசம்பர்க் குளிரில், லாரிகளின் ஃபில்டர்கள் அடைத்துக்கொண்டன. விதியை மீறிய கிளிசரின் அளவோடு ஆலைச் சரக்கு வந்திருந்தது தெரிந்து, சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் நாடெங்கும் விற்பனையிலிருந்த தூய பயோடீசலை எடுத்துச் சோதித்தது. 59 சதவீத மாதிரிகள் தேறவில்லை. பெரும்பாலும் காரணம் மொத்தக் கிளிசரின், அதாவது முடியாத காய்ச்சல், அந்த மஞ்சள் முத்து. எவர்சில்வர் கோபுரங்களும் பொறியாளர்களும் இருந்த ஆலைகளின் சரக்கு இது. அடுத்த ஓரிரு ஆண்டில் மாதிரிச் சோதனையும் தரச் சான்றிதழும் கடுமையானதும் நிலைமை தலைகீழானது. 2007-08 ஆய்வில் சந்தையின் அளவில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் விதிக்குள் வந்துவிட்டது. ஆலை மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை. அளந்தார்கள், சரியானது.

இதில் வீட்டுக்காரர்களின் பக்கத்துக் குறையையும் ஒளிக்கக்கூடாது. கண்ணாடிக் குழாய்ச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. பாதி உடைந்த எண்ணெய் மூலக்கூறுகளில் மோனோகிளிசரைடு என்றொரு வகை மெத்தனாலில் கரைந்துவிடும், முத்தாக உட்காராது. குளிர்காலத்தில் ஃபில்டரை அடைப்பது அதுவும்தான். மொத்தக் கிளிசரின் 0.24 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி வேண்டும். அது கராஜில் இருக்காது. அத்தோடு பொரித்த கொழுப்பின் இயல்பே குளிரில் உறைவது. மாட்டுக் கொழுப்பு எஸ்டர் 15 டிகிரியை ஒட்டியே கலங்கத் தொடங்கிவிடும், எவ்வளவு நன்றாகக் காய்ச்சினாலும். குழாய்ச் சோதனையில் தேறிய வீட்டு எரிபொருள் பழைய இன்ஜினுக்குப் பொருத்தமானது என்று சொல்லலாம். விதிக்கு முழுதும் உட்பட்டது என்று சொல்ல முடியாது. நேர்மையான கையேடுகள் அப்படித்தான் சொல்லின.

"என் பழைய மெர்சிடஸ் எதையும் குடிக்கும், மூன்று லட்சம் மைல் ஓடிவிட்டது" என்பது அடுத்த வாதம். அந்த இன்ஜின்களில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் போகாது. முன்னறை ஒன்றில் பற்றிக்கொண்டு பிறகே போகும். அழுத்தம் குறைவு, துளை பெரிது, பொறுமை அதிகம். மோசமான எரிபொருளை அவை தாங்கியது உண்மை. ஆனால் கெட்டுப்போன வண்டிகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. பிழைத்தவை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறின. காமன் ரெயில் என்ற உயர் அழுத்த எரிபொருள் அமைப்பு வந்தபின் அந்தச் சாட்சியமும் செல்லாமல் போனது. அங்கே அழுத்தம் 1,600 பார், 2,000 பார், மயிரிழைத் துளைகள். 2007-க்குப் பிந்தைய பல கார்களில் புகைவடிகட்டியைச் சூடாக்க, எரிந்து முடிந்த பின்னும் சிலிண்டருக்குள் சிறிது எரிபொருளைத் தூவுவார்கள். டீசல் ஆவியாகிவிடும், பயோடீசலின் கொதிநிலை உயர்வு என்பதால் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். நல்ல பயோடீசலுக்கே இந்த நிலை. வீட்டு பயோடீசலின் பொற்காலம் முடிந்ததற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. இரண்டாவது காரணம், இலவசமாகக் கிடைத்த எண்ணெய்க்கு விலை வந்தது. 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது உணவகங்களின் பின்வாசலில் எண்ணெய்த் திருட்டே நடந்தது.

மிச்சமிருக்கும் மறுப்பு கொஞ்சம் கனமானது. கழிவு எண்ணெய்தானே, எட்டு சதவீதம் குறைந்தால் என்ன, சாக்கடைக்குப் போக வேண்டியது வண்டியில் போகிறதே என்பார்கள். சாக்கடைக்குப் போகாததை நானும் பெரிய நன்மையாகவே எண்ணுகிறேன். ஆனால் கணக்கில் மெத்தனாலைச் சேர்க்க வேண்டும். அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. எஸ்டர் மூலக்கூறின் 19 கார்பன் அணுக்களில் ஒன்று அதனுடையது. வினைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக ஊற்றும் மெத்தனாலை வடித்து மீட்காமல் கிளிசரினோடு கொட்டினால் அந்தப் பங்கு இன்னும் ஏறும். கழுவிய தண்ணீர், சோப்பு கலந்த கிளிசரின் இரண்டையும் எங்கே விட்டார்கள் என்ற கேள்வியும் உண்டு. பிரிட்டன் இந்தச் சிறு உற்பத்தியாளர்களை நடத்திய விதம் யோசிக்கத்தக்கது. 2002-ல் வேல்ஸ் நாட்டில் சமையல் எண்ணெயை வரி கட்டாமல் காரில் ஊற்றியவர்களைப் போலீஸார் புகையின் வறுவல் வாசனையை வைத்தே பிடித்தார்கள்; 2007 ஜூன் முதல் ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் காய்ச்சுபவர்களுக்கு வரியே வேண்டாம் என்று அரசு விட்டுவிட்டது. அது வரியைப் பற்றிய முடிவுதான். குழாயில் முத்து இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு காய்ச்சுபவர் தலையிலேயே இருந்தது.

நம் பக்கத்தில் இந்தக் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. இங்கே பொரித்த எண்ணெய் கராஜுக்குப் போனதில்லை. பெரிய கடையின் சட்டியிலிருந்து சிறிய கடையின் சட்டிக்கே போனது. அதை நிறுத்தத்தான் 2018 ஜூலை முதல், எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிப்பதால் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமைக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வகுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் திட்டத்தையும் அறிவித்தது. பயோடீசலுக்கான இந்தியத் தர விதி 2005-லேயே வந்துவிட்டது. அதாவது கிராஸ் நகரத்தின் வரிசைப்படி நடக்க நமக்கு வாய்ப்பு இருக்கிறது: விதி கையில் இருக்கிறது, வண்டி பின்னால் வரலாம். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள், எண்ணெய் எவ்வளவு வந்தது, எவ்வளவு மிஞ்சியது, யாரிடம் போனது என்று ஏடு வைத்திருக்க வேண்டும் என்பதும் 2019 மார்ச் முதல் விதி. அடுத்த முறை ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு பில் கொடுக்கும்போது, அந்த ஏடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.